கூகுள் ஷீட்ஸா, எக்செல்லா?

நாலு பேர் சேர்ந்து ஒரே கணக்கைத் திருத்த வேண்டும் என்றால் கூகுள் ஷீட்ஸ்தான். யார் எந்தக் கட்டத்தில் கை வைக்கிறார்கள் என்பது உடனே தெரியும். பழைய பதிப்புக்கும் திரும்பலாம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல்-2’, ‘புது ஃபைனல்’ என்று மின்னஞ்சலில் கோப்புகள் பெருகும் தொல்லை இல்லை.

பெரிய கணக்கைக் கணினியில் நிறுவிய எக்செல்தான் தாங்கும். ஒரு தாளுக்கே 10,48,576 வரிசைகள். ஷீட்ஸிலோ முழுக் கோப்புக்கும் சேர்த்து 1 கோடி கட்டங்கள்தான்; வரிசைகள் அல்ல, ஒரு வரிசையிலேயே பல கட்டங்கள் இருக்குமே. அதற்கு வெகு முன்பே உலாவி திணற ஆரம்பிக்கும். இணையம் போனாலும் எக்செல் ஓடும். ஷீட்ஸிலும் ஆஃப்லைன் வசதி உண்டு, சரி, ஆனால் அதை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். நம்மில் யார் செய்கிறோம்?

எக்செல்லுக்குக் காசு கொடுக்க மனமில்லையா? லிப்ரேஆஃபீஸ் கால்க் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. என் வீட்டுக் கணக்கு அதில்தான்.