மாவு பிசையும் இயந்திரத்தை வாங்குமுன் திருப்பிப் பாருங்கள்

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கையில், வாங்கி இரண்டாண்டுகூட ஆகாத என் ஸ்டாண்ட் மிக்ஸர் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருக்கும்போதே நின்றுபோனது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மின்விசிறி, கிரைண்டர் எல்லாம் பழுதுபார்க்கும் அண்ணன் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "திருகாணியே இல்லைக்கா, எல்லாம் ஒட்டி வச்சிருக்காங்க, எங்க திறக்கிறது?" என்றார். அடுத்த இயந்திரத்தை அந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே தேடினேன்.

பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். இயந்திரம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும்; மாவு பிசையும் கொக்கி எவ்வளவு விசையோடு திரும்பும் என்பதைக் காட்டாது. இறுகிய மாவை மெதுவாகத்தான் பிசைய வேண்டும் என்பதால், மோட்டாரின் வேகத்தைக் குறைத்து விசையாக்கித் தரும் பல்சக்கரங்கள் உலோகமா, நெகிழியா, அவற்றை மாற்ற முடியுமா என்று கேட்பதே பயனுள்ளது.

அமெரிக்காவின் ஹோபார்ட் நிறுவனம் 1919இல் வீட்டுக்கெனக் கொண்டுவந்த கிச்சன்எய்ட் மிக்ஸர் இந்த விஷயத்தில் நல்ல பாடம். பளு மிகும்போது மோட்டாரைக் காப்பதற்காகத் தானே முதலில் தேய்ந்துபோகும் ஒரு பல்சக்கரம் அதனுள் இருக்கிறது. தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஈஸ்ட் மாவை இரண்டாம் வேகத்துக்கு மேல் பிசையக் கூடாது என்று அதன் கையேடு சொல்வதைக் கட்டாயம் மதிக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில், நெடுநாள் ஓட்டாமல் வைத்தால் உள்ளிருக்கும் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து கிண்ணத்தில் சொட்டக்கூடும் என்பதால், அவ்வப்போது ஓட்டிவிடுவது நல்லது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் இயந்திரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. நம் வீட்டு மின்சாரத்தில் அதை நேரடியாகச் செருகவே கூடாது.

நான் வாங்கியது பழைய உலோக உடல் கொண்ட கென்வுட் செஃப். 1950இல் பிரிட்டனில் அறிமுகமான வரிசை இது. அந்நாட்டுக்கெனச் செய்யப்பட்டவை நம் மின்னழுத்தத்துக்கும், நம் சுவரிலுள்ள மூன்று முனைச் செருகிக்கும் பொருந்துகின்றன. திருகாணிகளைக் கழற்றினால் மோட்டார், பல் வார், பல்சக்கரப் பெட்டி, மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தித் தேயும் கார்பன் பிரஷ் என ஒவ்வொன்றும் தனித்தனியே கைக்கு வருகிறது. பழைய மாதிரிகளில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையின் மின்தேக்கிகள் (கெபாசிட்டர்) வயதாகிப் புகைந்துவிடுவது வழக்கம் என்பதால், ஓட்டுவதற்கு முன்பே அவற்றை அண்ணனிடம் கொடுத்து மாற்றிக்கொண்டேன். பழையதை வாங்குகிறவர் யாராயினும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

குறைகளும் உண்டு. கனமானது, சத்தம் அதிகம். லயத்து வீடுபோல் சுவரொட்டிய வீட்டில் விடியற்காலையில் ஓட்ட மனம் வராது. ஆனால் வெண்ணெய் பிஸ்கட்டுக்கும் பன்னுக்கும் சளைக்காமல் உழைக்கிறது. கலக்கும் துடுப்பு கிண்ணத்தின் அடியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி உயரத்தைச் சரிசெய்ய முடிகிறது. அதைச் சரிசெய்த பிறகு அடியில் தங்கும் சர்க்கரையும் வெண்ணெயும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

கடையில் நிற்கும்போது இயந்திரத்தைச் சாய்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். திருகாணி தென்படுகிறதா, கொக்கி, கிண்ணம், கார்பன் பிரஷ் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். விற்பவர் பதில் சொல்லத் தடுமாறினால், விலை எவ்வளவு குறைவாயினும் நான் வாங்கமாட்டேன்.