புது ஆள் எடுக்கும் முன் பட்டறையில் செய்த ஏற்பாடுகள்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோவை கணபதியில் எங்களுடையது ஜாப் ஆர்டர் பட்டறை. பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ், ஃபிளேஞ்ச் போன்ற பாகங்களை லேத்தில் கடைந்து கொடுக்கிறோம். வீட்டு ஆட்களும் பழைய ஆப்பரேட்டர்களுமாக ஓடிக்கொண்டிருந்த இடம், கொரோனா அடங்கிய பிறகு ஆர்டர் கூடி, இரண்டாவது ஷிப்ட் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தது. வாசலில் "ஆட்கள் தேவை" போர்டு மாட்டும் முன்னால் சில ஏற்பாடுகளைச் செய்தோம். அதில் எது இன்றுவரை உழைக்கிறது, எது மூலையில் கிடக்கிறது என்று எழுதினால், எட்டுப் பத்து பேரோடு பட்டறை நடத்துகிறவர்களுக்கு உதவும்.

முதலில் சம்பளக் கணக்கு. பத்துப் பேரைத் தொட்டால் இ.எஸ்.ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), இருபதைத் தொட்டால் பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி), அப்புறம் ஆள் குறைந்தாலும் தொடர வேண்டியதுதான். எனவே பத்தாவது ஆளை எடுப்பதும் ஒன்பதாவது ஆளை எடுப்பதும் ஒரே செலவு இல்லை. ஒருவருக்கு மாதம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐக்கு அவர் பங்கு 0.75 சதவீதம், 135 ரூபாய். நம் பங்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். பி.எஃப் 15,000 ரூபாய் வரம்பில் பிடித்தால் அவருக்கு 1,800, நமக்கு நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 1,950. அவர் கையில் 16,065 போகும், நமக்கு ஆகும் செலவு 20,535. இதில் தீபாவளி போனஸ் வரவில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, வேலை கேட்டு வருகிறவரிடம் முதல் பேச்சிலேயே காட்டிவிடுகிறோம். "பதினெட்டுன்னு சொன்னீங்களே" என்று முதல் சம்பளத்தன்று ஒருவர் வந்து நிற்பதைப் போல மனக்கசப்பு தருவது வேறில்லை. பேசிய சம்பளம் வேறு, கைக்கு வரும் தொகை வேறு என்று சொல்லாமல் ஆள் எடுப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்தது காகிதங்கள். இதில் அதிகம் நேரம் தின்றது இனிஷியல்தான். நம் ஊரில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து இருக்கும், வங்கிப் பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. பி.எஃப் கணக்கில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில வருடம் கழித்து அந்தப் பையன் தங்கை கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போது மனு திரும்பி வரும். அதனால் சேரும் நாளிலேயே நாலு காகிதத்தையும் மேசையில் வரிசையாக வைத்து ஒப்பிட்டுவிடுகிறோம். ஏற்கெனவே வேறு இடத்தில் பி.எஃப் பிடித்திருந்தால் பழைய யு.ஏ.என் எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப் எண்) கேட்டு வாங்குகிறோம், புதிதாக ஒன்று போடுவதில்லை. வித்தியாசம் இருந்தால் ஆதார் மையத்துக்குப் போய்வர அரை நாள் விடுப்பு, சம்பளத்தோடு. அந்த அரை நாளை நான் செலவாகப் பார்ப்பதே இல்லை.

இ.எஸ்.ஐ எண்ணும் அதே நாளில் எடுத்துவிடுகிறோம். லேத் பட்டறையில் விரல் போவது நொடி வேலை. வேலையில் அடிபட்டு வீட்டில் இருந்தால் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் இ.எஸ்.ஐயிலிருந்து வருகிறது, வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும் இதில் அடங்கும் என்பது பல முதலாளிகளுக்கே தெரியாது. எங்கள் ஆப்பரேட்டர் ஒருவருடைய அம்மாவுக்கு சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்னால் "எதுக்குங்க சும்மா பிடிக்கிறீங்க" என்று கேட்டவர்தான், இப்போது புதிதாக வருகிறவர்களிடம் குடும்பத்தார் பெயரை எல்லாம் சேர்க்கச் சொல்லி அவரே உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறார்.

நியமனக் கடிதம் ஒரு பக்கம்தான். சம்பளம், ஷிப்ட் நேரம், வார விடுமுறை, ஓவர்டைம் எப்படிக் கணக்காகும், விலகினால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். தமிழில் ஒன்று, ஒடிசா, பீகார் பையன்களுக்கு இந்தியில் ஒன்று. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகு இது எல்லாருக்கும் கொடுத்தே ஆக வேண்டிய ஒன்றாகிவிட்டது. தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநகராட்சிக்கு, அதை ஆடிட்டர் அலுவலகமே பார்த்துக்கொள்கிறது.

வருகைப் பதிவுக்குக் கைரேகை மெஷின் வாங்கினோம். லேத் பட்டறைக்கு அது ஒத்தே வராது. கூலன்டிலும் (கடையும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) இரும்புப் பிசிறிலும் புழங்கிப் புழங்கிப் பழைய ஆப்பரேட்டர்களுக்கு ரேகையே தேய்ந்துபோயிருக்கிறது, மெஷின் அவர்களைத்தான் அடையாளம் தெரியாது என்கிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் இருபது வருட அனுபவம் உள்ள மனிதர் விரலை வேட்டித் துணியில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இப்போது முகம் பார்க்கும் மெஷின், ஒரு தொல்லையும் இல்லை. சம்பள மென்பொருள் ஒன்றுக்கு வருடச் சந்தா கட்டினோம், புதுப்பிக்கவில்லை. இந்த அளவு ஆட்களுக்கு எக்செல் போதும்.

எல்லாவற்றையும்விட அதிகம் உழைத்தது ஜாப் கார்டு. ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு லேமினேட் அட்டை: டிராயிங், சக்கில் (லேத்தில் பீஸைப் பிடிக்கும் பிடி) எப்படிப் பிடிக்க வேண்டும் என்று போட்டோ, எந்த அளவை எந்தக் கருவியால் எத்தனை பீஸுக்கு ஒருமுறை பார்ப்பது. இதை எழுத மூத்த ஆப்பரேட்டர் அண்ணனோடு ஞாயிறுகளில் உட்கார்ந்தேன். "இதெல்லாம் எழுதணுங்களா, கைக்கே தெரியுமே" என்றார். அந்தக் கைக்குத் தெரிந்தது என்ன என்று கேட்கக் கேட்கத்தான் வந்தது. சூடான பீஸை அளக்காதே என்பது அதில் ஒன்று. 25 மி.மீ. ஸ்டீல் ஷாஃப்ட் 40 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் பத்து மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் பருத்துக் காட்டும். புதுப் பையன் அதைப் பார்த்து ஆஃப்செட்டை (மெஷினில் போடும் அளவுத் திருத்தம்) குறைப்பான், பீஸ் ஆறிய பிறகு பேரிங் உட்காரும் இடம் லூசாகிவிடும். அட்டையில் முதல் வரியே இப்போது "ஆறவிட்டு அள". மொழி தெரியாதவர்களுக்கு அதன் பக்கத்தில் படம்.

அட்டை வந்த பிறகு ரிஜெக்‌ஷன் குறைந்தது மட்டும் இல்லை, புதியவர்கள் வேலையில் நிலைத்து நிற்கிறார்கள். முன்பெல்லாம் புதிதாக வருகிறவர் எதற்கும் அண்ணனைத் தேட வேண்டும், அவர் பிசியாக இருந்தால் திட்டு வாங்க வேண்டும், ரெண்டாவது வாரம் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விடுவார். இப்போது முதல் நாள் மெஷினே கிடையாது: கிளவுஸ் போட்டு லேத்தில் நிற்கக் கூடாது, கடையும்போது வரும் இரும்புச் சுருளைக் கையால் இழுக்கக் கூடாது, சக் கீயை (சக்கை முடுக்கும் சாவி) சக்கில் விட்டுவிட்டு நகரக் கூடாது என்று காட்டிக்கொடுப்பதும் கேஜ் (அளவு பார்க்கும் கருவி) பிடிக்கப் பழக்குவதும் மட்டும். முதல் வாரம் முழுக்க ஒரே பீஸ், ஒரே அட்டை.

இன்னும் சரியாகாதது அட்வான்ஸ். சேரும்போதே கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் பக்கத்துப் பட்டறை கொடுக்கிறது. முதல் மாதச் சம்பளத்துக்கு மேல் போவதில்லை என்றும், மாதாமாதம் எவ்வளவு பிடிப்போம் என்றும் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். அப்படியும் சிலர் பணத்தோடு ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஐந்து பேருக்குக் கீழே இருக்கும் பட்டறை என்றால் வருகைப் பதிவு மெஷினும் சம்பள மென்பொருளும் இப்போதைக்கு வேண்டாம். நியமனக் கடிதத்தையும், அதிகம் ஓடும் நாலைந்து பீஸுக்கு ஜாப் கார்டையும் தயார் செய்துவிட்டுப் போர்டை மாட்டுங்கள்.