அருவிக்கு ஆறு ஸ்டாப் போதும்: என்டி64 ஃபில்டர் எப்படி இருக்கிறது?

கேனான் 200டி-யோடு வந்த 18-55 லென்சுக்கு 58 மி.மீ. அளவில் என்டி64 ஃபில்டர் ஒன்று, அதாவது வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் கருங்கண்ணாடி, வாங்கினேன். குறைகளையும் சொல்லப்போவதால் கம்பெனி பெயர் வேண்டாம். ஷட்டரை அதிக நேரம் திறந்துவைத்து எடுக்கும் லாங் எக்ஸ்போஷர் பக்கம் நான் அதுவரை போனதே இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் திற்பரப்பு அருவி எனக்குப் பைக்கில் போகிற தூரம்தான், அதனால் சோதனை அங்கேயே.

என்டி64 வெளிச்சத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும். அதாவது ஆறு ஸ்டாப்; ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். காலையில் வெயில் இறங்குவதற்கு முன், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்/11 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிதாகும்) வைத்தபோது கேமரா 1/30 விநாடி காட்டியது. ஃபில்டரை மாட்டியதும் அது இரண்டு விநாடி ஆனது. ட்ரைபாடில் வைத்து, லென்ஸ் பக்கவாட்டில் இருக்கும் ஸ்டெபிலைசர் சுவிட்சை அணைத்து, டைமரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

இரண்டு விநாடியில் அருவி வழவழவென்று வெள்ளையாகிவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தண்ணீர் விழுகிற வேகம் எங்கே? ஐஎஸ்ஓவை 400 ஆக்கி அரை விநாடிக்குக் கொண்டுவந்ததும், பாறையில் மோதிப் பிரியும் இழைகள் தனித்தனியாகத் தெரிந்தன. என் ஓட்டு அதற்குத்தான். குளிக்கிறவர்கள் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்பாதீர்கள். கூட்டம் சேர்வதற்குள் போய்விடுவது எல்லோருக்கும் நல்லது.

நான் அதிக நேரம் நின்றது அருவிக்கு மேலேதான். தடுப்பணையைத் தாண்டிய கோதையாறு அங்கே கால் கிலோமீட்டர் அளவுக்கு ஒரே பாறைப் படுகையில் வழிந்து வருகிறது. கரையோரக் குழி ஒன்றில் நுரை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணுக்கு அது அழுக்கு நுரை, அவ்வளவுதான். எஃப்/22-க்கு மூடி, ஐஎஸ்ஓ 100-இல் எட்டு விநாடி விட்டால், கோலத்துக்கு இழை இழுத்தது போல வட்டம் வட்டமாக வருகிறது! எஃப்/22-இல் படம் கொஞ்சம் மழுங்கும். இந்தக் காட்சிக்கு அது பாதகமில்லை.

இனி குறைகள். முதலாவது நிறம். ஈரப்பாறையின் கறுப்பில் லேசான செம்பழுப்பு ஏறுகிறது, வெண்ணுரையும் பால் சேர்த்த டீ நிறத்துக்குப் போகிறது. ஃபில்டரை மாட்டியபடியே ஒரு வெள்ளைத் தோர்த்தை (துண்டை) படமெடுத்து, அதை வைத்து ஒயிட் பேலன்ஸ் அமைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேமரா திருத்தாமல் தரும் ரா (RAW) கோப்பாக எடுத்தால் வீட்டில் போய்த் திருத்திக்கொள்ளலாம். இரண்டாவது, பெட்டியில் பெருமையாக அச்சடித்திருக்கும் ‘நீர் ஒட்டாத பூச்சு’. சாரல் நன்றாகவே ஒட்டுகிறது, துடைத்தால் ஈஷிக்கொள்கிறது. மைக்ரோஃபைபர் துணி குறைந்தது இரண்டு எடுத்துப் போங்கள். மூன்றாவது, விளிம்பு மெலிதாக இருக்கவேண்டும் என்பதற்காக முன்பக்க மரையையே எடுத்துவிட்டார்கள். லென்ஸ் மூடி அதில் நிற்காது. திருகும்போது இறுகிக்கொண்டால் சுற்றிலும் ரப்பர் பேண்ட் போட்டுத் திருகுங்கள், கழன்றுவிடும்.

“என்டி1000 வாங்கியிருக்கலாமே” என்றார் நண்பர். அது பத்து ஸ்டாப். அதே காலை வெளிச்சத்தில் முப்பது விநாடிக்கு மேல் போகும். கடலுக்கும் மேகத்துக்கும் சரி, அருவிக்கு எதற்கு? வெயில் ஏறி, ஃபில்டர் இல்லாமல் 1/250 காட்டிய நேரத்தில்கூட இதில் கால் விநாடி கிடைத்தது. திருப்பித் திருப்பிக் கருமையைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்டியும் எனக்கு வேண்டாம். உள்ளே இரண்டு போலரைசர்கள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடிகள்). கடைசிவரை திருப்பினால் வைட் ஆங்கிளில் படத்தின் குறுக்கே எக்ஸ் வடிவில் கறுப்பு விழும்.

நாளைக்குப் பெரிய லென்ஸ் வாங்கும் எண்ணம் இருக்கிறவர்கள் 58-இல் வாங்காமல் 77 மி.மீ. ஃபில்டரும், அதைச் சின்ன லென்ஸில் மாட்ட உதவும் ஒரு ஸ்டெப்-அப் ரிங்கும் வாங்குங்கள். விலை கூடத்தான் வரும், ஆனால் லென்ஸ் மாற்றும்போது ஃபில்டரையும் மாற்றவேண்டி வராது. வாங்கும்போது முன்பக்க மரை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.