படத்துக்கு முழு மார்க், பாதுகாப்புக்கு பார்டர் பாஸ்

வீட்டுக்குள் வைக்கிற இந்தச் சுழலும் வைஃபை கேமராவின் படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, இருட்டிலும் முகம் தெளிவாகத் தெரிகிறது. நான் நோண்டிப் பார்த்தது வேறு விஷயம்: நம்மைத் தவிர வேறு யாராவது இதைப் பார்க்க முடியுமா?

ஆரம்பமே சரியில்லை. ஆப் போட்டதும் கான்டாக்ட்ஸ் அனுமதி கேட்கிறது, மறுத்தாலும் கேமரா ஒழுங்காகவே ஓடுகிறது, அப்புறம் எதற்குத்தான் கேட்டார்களோ. பாஸ்வேர்டை நாமே வைத்தாக வேண்டும், அது நல்லது. 2016இல் மிராய் என்ற மால்வேர் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் (கேமரா வீடியோவைப் பதிவு செய்யும் பெட்டிகள்) வளைத்துப் போட்டது, கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதால்தான். ஆனால் இரண்டு கட்டச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்பது) ஆஃபில்தான் வருகிறது, அதைத் தேடி ஆன் செய்ய மெனுவுக்குள் மெனுவாகப் போக வேண்டியிருக்கிறது.

கிளவுட் சந்தா எடுக்கவில்லை, மெமரி கார்டு மட்டும்தான். அப்படியும் ரவுட்டரில் பார்த்தால் கேமரா வெளி சர்வரோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. போகட்டும் என்று விட மனசு வரவில்லை. 2024 பிப்ரவரியில் வைஸ் (Wyze) என்ற கம்பெனியின் கேமராக்களில் ஒரு கோளாறு, சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுப் படங்கள் போயின, 1,504 பேர் அந்தப் படங்களைத் தட்டித் திறந்தும் பார்த்திருக்கிறார்கள். அதை யாரும் ஹேக் செய்யவில்லை, தவறு கம்பெனி பக்கம், நம் பாஸ்வேர்டு எவ்வளவு பலமாக இருந்து என்ன?

அதனால் ரவுட்டரில் இந்தக் கேமராவுக்கு மட்டும் இண்டர்நெட்டை வெட்டிவிட்டு ஆர்டிஎஸ்பி (கேமராவின் வீடியோவை நேராக வாங்கும் முறை) வழியாக விஎல்சி வீடியோ பிளேயரில் பார்த்தேன். வீட்டு வைஃபைக்குள் ஜம்மென்று ஓடியது. பதிலுக்கு அலர்ட் நின்றுபோனது, வெளியிலிருந்து பார்க்க வீட்டு ரவுட்டரில் விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய பாதை) அமைக்க வேண்டியதாயிற்று, கேமராவின் கடிகாரமும் மெல்லப் பிசக ஆரம்பித்தது (நேரத்தையும் வெளியிலிருந்துதான் வாங்குகிறது போல). ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட்டுக்கு மட்டும் அவ்வப்போது இண்டர்நெட்டைத் திறந்துவிடலாம். இவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள் கேமராவை கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கான தனி வைஃபை) போட்டு, ரவுட்டரில் யுபிஎன்பியை (கருவிகள் கேட்காமலேயே வெளிவழியைத் திறந்துகொள்ள விடும் வசதி) அணைத்து வைத்தாலே பாதிக் கவலை குறையும்.

பிடித்தது பிரைவசி மோடு. ஒரு தட்டு தட்டினால் லென்ஸ் உள்பக்கம் திரும்பிக்கொள்கிறது, தூரத்திலிருந்தே தெரியும். மைக்கும் அணைகிறதா என்பதற்குத்தான் எந்த அடையாளமும் இல்லை, இதை எப்படி விட்டார்கள் என்று புரியவில்லை.

5க்கு 3. வாசல் கதவைப் பார்த்து ஹாலில் வைக்க வாங்கலாம். படுக்கையறையில், இண்டர்நெட்டை வெட்டினாலும், வைக்க மாட்டேன்.