ரௌட்டரின் அடிப்பக்கத்து எண்: ஓப்பன்டபிள்யூஆர்டியுடன் மூன்று ஆண்டுகள்

பல்லடம் அருகே தறிக்குடோனை ஒட்டிய எங்கள் வீட்டில், டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 ரௌட்டர் ஒன்று ஓப்பன்டபிள்யூஆர்டி (தயாரிப்பாளரின் மென்பொருளுக்குப் பதிலாக ரௌட்டரில் ஏற்றும் கட்டற்ற மென்பொருள்) ஃபர்ம்வேருடன் மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கு முன்பு விலையை மட்டும் பார்த்து வாங்கிய ரௌட்டரில் மென்பொருள் தங்கும் ஃபிளாஷ் நினைவகம் 4 எம்பி, ரேம் 32 எம்பி மட்டுமே இருந்தன. அந்த அளவுள்ள கருவிகளுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஆதரவு 19.07 வெளியீட்டு வரிசையோடு முடிந்துவிட்டதால், அது பரணுக்குப் போனது.

இரண்டாம் முறை காந்திபுரத்துக் கடையில், பெட்டியைத் திறந்து அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள வன்பொருள் பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும் என்றேன். "எல்லாம் ஒரே மாடல்தானுங்க" என்றார் கடைக்காரர். பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது ஒன்றல்ல. ஐரோப்பாவுக்கான சி6 இரண்டாம் பதிப்பில் குவால்காம் சில்லும் 8 எம்பி ஃபிளாஷும் உள்ளன. மூன்றாம் பதிப்பிலோ மீடியாடெக் எம்டி7621 சில், 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம். ஒரு பதிப்புக்குரிய ஃபர்ம்வேர் கோப்பை மற்றொன்றில் ஏற்ற முடியாது. ஸ்டிக்கரில் 3.20 என்று இருந்ததைப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

நிறுவுவது பத்து நிமிட வேலைதான். ஆனால் முதல் தொடக்கத்தில் வைஃபை அணைந்தே இருக்கும். லேன் கேபிள் கையில் இல்லாதவர் கருவி கெட்டுவிட்டது என்றே நினைப்பார். நானும் அரை மணி நேரம் அப்படித்தான் நினைத்தேன்.

இத்தனை பாடுபட்டதற்கும் பலன் எஸ்க்யூஎம் என்ற, இணைப்பில் சேரும் நெரிசலை ஒழுங்குபடுத்தும் ஒரு வசதியில் கிடைத்தது. எங்களுடையது 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. யாராவது கைப்பேசியிலிருந்து படங்களை மேகக்கணியில் ஏற்றத் தொடங்கினால், மாடியறையில் அலுவலகக் கூட்டத்தில் இருக்கும் மகனின் குரல் துண்டு துண்டாகப் போகும். வேகம் போதாமல் அல்ல, மோடத்தில் தரவுப் பொட்டலங்கள் வரிசையில் தேங்குவதால் வரும் தொல்லை இது. எஸ்க்யூஎம்மில் கேக் என்ற வரிசை மேலாண்மை முறையைத் தேர்ந்து, பதிவிறக்கம், பதிவேற்றம் இருபுறமும் 90 எம்பிபிஎஸ் என வரம்பிட்டதும் வரிசை ரௌட்டரின் கட்டுக்குள் வந்துவிட்டது. பத்து எம்பிபிஎஸ்ஸை விட்டுக்கொடுத்ததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. எஸ்க்யூஎம் வேண்டுமென்றால் பொட்டலங்களை வன்பொருளே நேரடியாகக் கடத்திவிடும் ஹார்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங்கை அணைத்தே வைக்க வேண்டும், இல்லையென்றால் பொட்டலங்கள் கேக்கைத் தொடாமலே கடந்துவிடும். முழு கிகாபிட் இணைப்புள்ளவர்கள் இந்தச் சில்லிடம் முழு வேகம், எஸ்க்யூஎம் இரண்டையும் சேர்த்து எதிர்பார்க்கக் கூடாது.

குறையும் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை கூடத்தைத் தாண்டி, தகரக் கூரை போட்ட குடோனுக்குள் நுழைவதில்லை, அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸை நம்பித்தான் கணக்கு எழுதுகிறோம். அப்படியும் ஓப்பன்டபிள்யூஆர்டி 22.03இல் தொடங்கி 24.10 வரை அமைப்புகள் கலையாமல் மேம்படுத்த முடிந்தது. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை இணைத்த பின், மாதாந்திர மின்தடை நாளில் தறிகள் நின்றாலும் இணையம் நிற்பதில்லை.