வெள்ளவத்தையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்: வாய்மொழி வரலாற்றுக்கு உகந்ததா?

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், வீடொன்றின் மேல்மாடியில் இயங்கும் இக்கூடத்துக்கு வானொலி விளம்பரக்காரர்களும் பக்திப் பாடகர்களுமே பெரும்பாலும் வருகிறார்கள். நாங்கள் சென்றதோ, சன் பிரான்சிஸ்கோ அரச கல்லூரியில் 1968 இல் படித்த, இப்போது தெஹிவளையில் வசிக்கும் ஐயா ஒருவரின் நினைவுகளைப் பதிவுசெய்வதற்காக. அவ்வாண்டு நவம்பர் 6 ஆம் திகதி கறுப்பின மாணவர் ஒன்றியமும், ஏனைய சிறுபான்மை இன மாணவர் அமைப்புகளின் கூட்டணியான மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் அங்கு தொடங்கிய வேலைநிறுத்தம் 1969 மார்ச் வரை நீடித்தது; கறுப்பினக் கற்கைகளுக்கான தனித் துறை அங்கு நிலைபெற்றது அப்போராட்டத்தின் பயனாகவே.

அறையைக் குறைசொல்ல முடியாது. தண்டவாளம் இவ்வளவு அருகில் இருந்தும் ரயில் சத்தம் பதிவில் ஏறவில்லை. ஐயா பேசும்போது விரல்களால் மேசையைத் தட்டுபவர் என்பதைக் கவனித்த பொறுப்பாளர் தம்பி, யாரும் சொல்லாமலே மடித்த துவாயொன்றை அவர் கைகளுக்குக் கீழே விரித்துவிட்டார்.

பிரச்சினை, எங்களிடம் தரப்பட்ட கோப்பில் இருந்தது. 1968 டிசெம்பர் 2 ஆம் திகதி, கல்லூரியின் பதில் தலைவர் ஹயகாவா மாணவர்களின் ஒலிபெருக்கி வாகனத்தில் ஏறி வயர்களைப் பிடுங்கியதை விவரித்த ஐயா, நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டே, பொலிஸார் வளாகத்துக்குள் வந்தபோது தாம் ஒதுங்கி நின்றதைச் சொன்னார். விளம்பரத்துக்குச் செய்வது போல அந்த இடைவெளியை வெட்டி, இருமலையும் தடுமாற்றத்தையும் நீக்கியிருந்தார்கள். அவர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்ட விடயம், ஒரே மூச்சில் சொன்ன சாதாரணத் தகவலாக ஒலித்தது. மேலதிகக் கட்டணம் கேட்காமல் நல்லெண்ணத்தோடு செய்த வேலைதான்; ஆனாலும் ஒரு சாட்சியத்தில் கைவைக்க முன்னர் பேசியவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

நல்லவேளையாக மூலப்பதிவு அழிக்கப்படவில்லை, கேட்டவுடன் தந்தார்கள். ஆகவே இங்கு செல்வோர், வெட்டாத, சுத்திகரிக்காத 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் (WAV, ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வகை) கோப்பே வேண்டுமென முற்பணம் கொடுக்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு மணித்தியால ஸ்டீரியோப் பதிவு ஏறத்தாழ 1 ஜிபி வரும் என்பதால், போதிய இடமுள்ள பென்டிரைவையும் கொண்டுசெல்லுங்கள். பதிவான பேச்சை எழுத்தாக்கியும் தருகிறார்கள். அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம், ஆட்பெயர்கள் பலவும் பிழை.

லிப்ட் இல்லை, படிகளும் செங்குத்து. வயதானவர்களை அழைத்துச்செல்வதாயின் கைபிடித்து ஏற்ற ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும்.