மொபைலுக்கு வெப்சைட் மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பவானியில் ஜமக்காளக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வெப்சைட் 2011இல் செய்தது. போனில் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு சைஸில் தெரியும். 2024 ஆடிக்கு ஒருவர் கடைக்கே வந்து, “மொபைலுக்குத் தகுந்த மாதிரி மாத்தித் தர்றேனுங்க” என்று 38,000 ரூபாய்க்குப் பேசினார். பதினைந்தே நாளில் தன் போனில் முகப்பைத் திறந்து காட்டினார். பளிச்சென்று இருந்தது. கூடவே ஒரு கலர் பிரிண்ட்: கூகுள் மொபைல் டெஸ்ட் பாஸ், பச்சை டிக்கோடு. ‘சர்டிபிகேட்டுங்க’ என்றார். முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன். உள்ளே நாலு பக்கம் என் போனில் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

நான் வாட்ஸ்அப்பில்தான் பாதி வியாபாரம் செய்கிறேன். கேட்ட ஜமக்காளத்தின் லிங்க்கை அனுப்பிவிடுவேன். கோவையிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்: “ஏனுங்க, நீங்க அனுப்புன லிங்க்கை அமுத்துனா கடை போட்டோதானுங்க வருது?” அப்புறம் இன்னொருவர். அவர் போன் செய்யக்கூட முடியவில்லையாம். தளத்தில் எங்கள் நம்பரைப் படமாகப் போட்டிருந்தார்கள், தொட்டால் அழைப்பு போகாது.

அக்கா மகன் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். அவன் பார்த்துச் சொன்னது இது. அந்த ஆள் பழைய தளத்தில் கையே வைக்கவில்லை. ‘எம்’ என்று தொடங்கும் தனி முகவரியில் நாலு பக்கத்துக்கு ஒரு குட்டித் தளம் செய்து, போனில் யார் வந்தாலும், எந்த லிங்க்கில் வந்தாலும், அதன் முகப்புக்குத் தள்ளிவிடும்படி வைத்திருக்கிறார். என் 140 பொருளில் ஒன்றுகூட அதில் இல்லை. போனுக்கென்று தனித்தளம் வைப்பது ஒரு காலத்து வழக்கம். ஒரே பக்கம் திரையின் அகலத்துக்கு ஏற்ப மடங்கிக்கொள்ளும் முறைக்கு ஈதன் மார்காட் என்ற அமெரிக்க வெப் டிசைனர் ‘ரெஸ்பான்சிவ்’ என்று பெயர் வைத்ததே 2010இல். என் பழைய தளத்தைவிடப் பழைய சரக்கை எனக்குப் புதுசு என்று விற்றிருக்கிறார்!

கூகுளில் பட்ட அடிதான் பெரிது. கூகுள் இப்போது ஒரு தளத்தைப் போன் வழியாக வருகிறவரைப் போலத்தான் வந்து படிக்கிறது. அது போய்ப் பார்த்தது நாலு பக்கத்தை. தீபாவளி நெருங்கும்போது எங்கள் பொருள் பக்கங்கள் தேடலில் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

அந்த சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தவன் சிரித்துவிட்டான். “மாமா, இந்த டெஸ்டையே கூகுள் 2023 டிசம்பர் 1ஆம் தேதி மூடிடுச்சு.” யாருடைய தளத்துக்கு எடுத்த படமோ! முகவரி இருக்கும் இடத்தை மட்டும் வெட்டியிருந்தது.

ஆளைக் கூப்பிட்டேன். “பொருள் எல்லாம் ஏத்தணும்னா பக்கத்துக்கு 150 ரூபாய் தனிங்க” என்றார். அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

மருமகன் அந்தத் திருப்பிவிடும் வரியை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் ரெஸ்பான்சிவ் தீம் (ரெடிமேட் வடிவமைப்பு) ஒன்றில் எல்லாப் பொருளையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் ஏற்றிவிட்டான். நீங்கள் செய்வதென்றால், கடைசித் தவணை கொடுக்கும் முன் உங்கள் போனில், வைஃபையை அணைத்துவிட்டு, ஏதாவது ஒரு பொருளின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் வந்ததுபோல அமுக்கிப் பாருங்கள். ஆர்டர் பொத்தான் வரைக்கும் போங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்க முடிகிறதா என்றும் பாருங்கள். என்னுடையதில் அதையும் பூட்டியிருந்தார்கள், கண்ணாடி போட்ட பெரியவர்கள் தவித்துப்போனார்கள்.

இன்னொன்று. புதுப்பித்துத் தருகிறேன் என்று டொமைனை, அதாவது எங்கள் தளத்தின் முகவரிப் பெயரை, தன் இமெயிலுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். அது இன்னும் அவரிடம்தான். மார்கழியில் கெடு முடிகிறது.